எங்க நிக்க? – ஒரு இத்தாலிய வினைச்சொல்லின் கதை

எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். அம்மா போன் பண்ணினால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மக்ளே, எங்க நிக்க?"

"ஆபீஸ்ல நிக்கேன்மா."

கல்லூரியில் கூடப் படித்த சென்னைப் பையன்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "ஏண்டா, ஆபீஸ்ல உக்கார சேர் குடுக்கலையா?" என்பார்கள். எங்கள் பக்கத்தில் நிற்பதற்குக் கால் வேண்டியதில்லை. "அவன் பம்பாய்ல நிக்கான்" என்றால் அங்கே தங்கி வேலை பார்க்கிறான் என்று பொருள். "ரெண்டு நாள் நின்னுட்டுப் போ" என்றால் விருந்தாளியைத் தங்கச் சொல்கிறோம். "வந்துட்டு நிக்கேன்" என்றால் வந்துகொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழர்களும் "எங்க நிக்கிறாய்?" என்றுதான் கேட்பார்கள். ஆக, நாங்கள் தனி ஆட்கள் இல்லை :-)

நான் புனே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2009-ல் எங்கள் தொழிற்சாலையில் ஒரு புது லைன் போட இத்தாலியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அறுபதை நெருங்கிய வயசு. டூரின்காரர். மூன்று மாதம் கூடவே இருந்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய இத்தாலியனும் ஏறக்குறைய ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. அவர் வாயிலிருந்து நாளுக்கு நூறு தடவை வரும் ஒரு சொல் 'ஸ்தோ'. போனை எடுத்தால் ஸ்தோ, யாராவது நலம் விசாரித்தால் ஸ்தோ, போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் ஸ்தோ. என்ன என்று கேட்டதற்கு, "அது ஸ்தாரே என்ற வினை. லத்தீனில் நிற்பது என்று அர்த்தம்" என்றார். பாலிடெக்னிக் படித்த மனிதர்தான். ஆனால் அவர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் லத்தீனும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குச் சட்டென்று அம்மா ஞாபகம். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் படித்து, தெரிந்தவர்களையெல்லாம் தொந்தரவு செய்து சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இலக்கணப் பாடம் என்று பயப்பட வேண்டாம். இது வீடு கிடைக்காதவர்களின் கதை.

கால் இழந்த சொல்

லத்தீனில் ஸ்தாரே என்றால் நிஜமாகவே காலூன்றி நிற்பது. படை வரிசையில் நிற்பது, கப்பல் நங்கூரத்தில் நிற்பது, ஒரு பொருள் இன்ன விலையில் நிற்பது, எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் கடைசிப் பொருளில் 'கோன்' என்ற முன்னொட்டு சேர்ந்து கொஸ்தாரே ஆனது. இத்தாலியக் கடையில் "க்வான்தோ கொஸ்தா?" என்று விலை கேட்கிறோமே, அதுவும் ஆங்கில 'காஸ்ட்'டும் அதே வீட்டுப் பிள்ளைகள்தான்.

ரோமப் பேரரசு போய், லத்தீன் ஊருக்கு ஒரு பேச்சாக உடைந்தபோது, இந்த வினை கொஞ்சம் கொஞ்சமாகக் காலை இழந்தது. நிற்பது தங்குவதானது. தங்குவது இருப்பதானது. இன்றைய இத்தாலியனில் ஒருவர் நிஜமாகவே எழுந்து நிற்கிறார் என்று சொல்ல வேண்டுமானால் வெறும் ஸ்தாரே போதாது. 'ஸ்தாரே இன் பியேதி', அதாவது 'காலில் ஸ்தாரே' என்று காலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நிற்பதற்கென்றே பிறந்த சொல்லுக்கு இந்த கதி!

காலைக் கொடுத்துவிட்டு அது வாங்கிக்கொண்டது எவ்வளவு என்று பாருங்கள்.

கோமே ஸ்தாய்? – எப்படி இருக்கிறாய்? பதில், ஸ்தோ பேனே, நன்றாக இருக்கிறேன்.

ஸ்தோ மாஞ்சாந்தோ – சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். (நம்ம ஊர் 'வந்துட்டு நிக்கேன்' மாதிரியே.)

ஸ்தோ பெர் உஷீரே – வெளியே கிளம்பப் போகிறேன்.

தி ஸ்தா பேனே – இது உனக்கு நன்றாக இருக்கிறது. சட்டையைப் பார்த்துச் சொன்னால் பாராட்டு. கீழே விழுந்தவனைப் பார்த்துச் சொன்னால், உனக்கு நல்லா வேணும்.

லாஷா ஸ்தாரே – விட்டுத்தள்ளு.

ஸ்தா ஆ தே – உன் கையில்தான் இருக்கிறது.

ஸ்தாய் ட்ஸித்தோ – வாயை மூடிக்கொண்டு இரு.

சீ ஸ்தோ – நானும் கூட வருகிறேன், எனக்குச் சம்மதம். நோன் சீ ஸ்தோ என்றால், நான் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாகச் சொன்னதற்கு அரசியல் சரித்திரமே உண்டு. 1993 நவம்பர் 3-ம் தேதி இரவு இத்தாலியக் குடியரசுத் தலைவர் ஸ்கால்ஃபரோ தொலைக்காட்சியில் தோன்றினார். உளவுத்துறை ரகசியப் பணத்தில் அவருக்கும் பங்கு போனது என்று குற்றச்சாட்டு கிளம்பியிருந்த நேரம். அன்றைக்கு அவர் சொன்ன 'நோன் சீ ஸ்தோ' இன்றுவரை இத்தாலியர்களுக்கு மறக்கவில்லை. இன்னொன்று 2014 ஜனவரியில். ஆளும் கட்சியின் செயலாளர் ரென்ட்ஸி, தன் கட்சிக்காரரே ஆன பிரதமர் என்ரிகோ லெத்தாவுக்குத் தொலைக்காட்சி வழியாக 'ஸ்தாய் ஸெரேனோ', கவலைப்படாமல் இரு என்று செய்தி சொன்னார். பிப்ரவரி 22-ல் பிரதமராகப் பதவியேற்றவர் ரென்ட்ஸி! அதற்கப்புறம் இத்தாலியில் யாராவது உங்களிடம் ஸ்தாய் ஸெரேனோ என்றால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்வது நல்லது.

இருப்பதும் நிற்பதும்

'இரு' என்பதற்கு இத்தாலியனில் ஏற்கனவே ஒரு வினை இருக்கிறது. எஸ்ஸெரே. நான் ஆண், நான் இஞ்சினியர், நான் நாகர்கோவில்காரன் – இதெல்லாம் எஸ்ஸெரே. மாறாதது, பிறப்போடு வந்தது, நெற்றியில் எழுதியது. உடம்பு எப்படி இருக்கிறது, இப்போது எங்கே தங்கியிருக்கிறேன் – இதெல்லாம் ஸ்தாரே. ஸ்பானிஷில் இந்தக் கோடு இன்னும் கறாராக இருக்கிறது. இத்தாலியனில் கொஞ்சம் வழுக்கும். தெற்கே போகப்போக ஸ்தாரே இன்னும் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வடக்கத்தியர்கள் எஸ்ஸெரே போடும் இடத்தில் நேப்பிள்ஸ்காரர்கள் சர்வசாதாரணமாக ஸ்தாரே போடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார் சிவப்பு மையில் திருத்துவார். வீட்டுக்கு வந்து மறுபடி அப்படியேதான் பேசுவார்கள். எங்களூர் 'நிக்கேன்' கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை. எஸ்ஸெரேக்கு இறந்தகாலம் சொல்ல ஒரு எச்சம் வேண்டும். பழைய இத்தாலியனில் 'சூதோ' என்று ஒன்று இருந்தது. மாக்கியவல்லி காலம் வரை எழுதியிருக்கிறார்கள். அது செத்துப்போய், அந்த இடத்துக்கு ஸ்தாரேயின் 'ஸ்தாதோ' வந்து உட்கார்ந்தது. 'சோனோ ஸ்தாதோ' என்றால் 'இருந்தேன்', 'நின்றேன்' இரண்டும்தான். பிரெஞ்சின் 'ஏதே'யும் இதே வழிதான். அதாவது, நடந்துகொண்டிருக்கும்போது 'இருப்பது' வேறு, 'நிற்பது' வேறு. நடந்து முடிந்தபின் திரும்பிப் பார்த்தால் இரண்டும் ஒன்று. நீ எங்கே நின்றாயோ அதுதான் நீயாக இருந்தது. இலக்கணக்காரர்கள் திட்டமிட்டு வைத்ததில்லை. மொழி தானாகச் செய்த காரியம். ஆனாலும் வெளியூரில் வாழ்க்கையை ஓட்டுகிறவனுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கிறது.

நிலை, நிலையம், அரசு

நம் 'நில்'லை எடுத்துக்கொள்ளுங்கள். நிலை, நிலைமை, நிலையம், நிறுத்தம், நிறுவனம், நிலுவை – எல்லாம் அதில் வந்தவை. கட்டாமல் நிற்கும் பாக்கிக்கு நிலுவை என்று பெயர் வைத்தவன் என் கிரெடிட் கார்டைப் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்தாரேயின் குடும்பமும் இப்படியே பெருத்தது. ஸ்தாட்ஸியோனே என்றால் நிலையம். ஸ்தான்ட்ஸா என்றால் நின்று தங்கும் இடம், அதாவது அறை. வாத்திகனில் ரஃபேல் 1508-9 வாக்கில் வரைய ஆரம்பித்த போப்பின் அறைகளுக்கு இன்றும் 'ரஃபேலின் ஸ்தான்ட்ஸாக்கள்' என்றே பெயர். செய்யுளின் ஒரு பத்திக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் அந்த அர்த்தம் மட்டும் மிச்சம். சூரியன் நிற்பது போலத் தெரியும் நாள் சோல்ஸ்தீட்ஸியோ. ஆயுதங்கள் நின்றுபோவது ஆர்மிஸ்தீட்ஸியோ. சமஸ்கிருதத்தின் ஸ்தானம், ஸ்தலம், ஸ்திதி, பாரசீகத்தின் வழியாக வந்த ஹிந்துஸ்தான், ராஜஸ்தான் எல்லாம் தூரத்துப் பங்காளிகள். தமிழ் 'நில்' அந்தக் குடும்பமில்லை. ஆனால் மனுஷ புத்தி எல்லா ஊரிலும் ஒரே சந்தில்தான் திரும்புகிறது.

இந்தப் பிள்ளைகளில் உலகத்தையே பிடித்துக்கொண்டது ஒன்று. ஸ்தாதோ. நாம் ஸ்டேட் என்கிறோம். அரசு.

முதலில் அதற்கு இவ்வளவு பெரிய அர்த்தம் இல்லை. லத்தீன் 'ஸ்தாதுஸ்' என்றால் வெறும் நிலைமை. நாட்டின் நிலை, ராஜ்யத்தின் நிலை என்று எப்போதும் யாருடைய நிலை, எதனுடைய நிலை என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு ஃப்ளோரன்ஸில் அது ஆட்சியில் இருக்கும் கோஷ்டியின் பிடிக்கு ஆகிவந்த பெயர். மெதிச்சி குடும்பத்தின் ஸ்தாதோ என்றால் அவர்களுடைய கை ஓங்கி நிற்கும் நிலை. அதைக் காப்பாற்றலாம், பறிகொடுக்கலாம், மாற்றலாம்.

1512-ல் மெதிச்சிகள் ஃப்ளோரன்ஸுக்குத் திரும்பி வந்தார்கள். குடியரசில் அதிகாரியாக இருந்த மாக்கியவல்லிக்கு வேலை போனது. அடுத்த வருஷம் சதி செய்தான் என்று பிடித்து, கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். வெளியே வந்து, ஊருக்கு வெளியே தன் பண்ணை வீட்டில் உட்கார்ந்து 1513-ல் 'இளவரசன்' எழுதினார். அதன் முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்திலேயே இந்தச் சொல் வருகிறது. மனிதர்களை ஆளும் அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராக. முழுக்க இன்றைய அர்த்தம் அவரிடம் வந்துவிடவில்லை என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஆனால் அவர் போனபின் (1527), புத்தகம் அச்சானபின் (1532), இந்தச் சொல் ஐரோப்பா முழுக்கக் கிளம்பிவிட்டது. 1589-ல் போதேரோ 'அரசின் நியாயம்' என்று தலைப்பே வைத்துப் புத்தகம் போட்டார். இப்போது அது யாருடைய நிலையும் இல்லை. தானாகவே நிற்கும் ஒரு ராட்சதப் பொருள். தான் நிற்கும் இடத்திலிருந்து துரத்தப்பட்ட ஒருவரின் கையால் அது நடந்தது என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

எப்படி நலம் விசாரிப்பது என்று ஓர் உத்தரவு

1861 மார்ச் 17-ல் இத்தாலி ஒரே ராஜ்யமாக அறிவிக்கப்பட்டது. ஒரே ஸ்தாதோ. ஆனால் மக்கள் அதில் நிற்கவில்லை. 1876 முதல் 1976 வரையான நூறு ஆண்டுகளில் இத்தாலியை விட்டு வெளிநாடு போனவர்கள் இரண்டரைக் கோடிக்கும் மேல். பலர் திரும்பியும் வந்தார்கள். ஆனாலும் எண்ணிக்கையைப் பாருங்கள்.

1922-ல் முசோலினி வந்தார். எல்லாம் அரசுக்குள், அரசுக்கு வெளியே ஒன்றுமில்லை என்ற கட்சி. அந்த அரசு ஒரு கட்டத்தில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற கேள்விக்குள்ளேயே கையை விட்டது. இத்தாலியனில் நெருங்கியவர்களுக்கு 'து', கோமே ஸ்தாய். மரியாதைக்கு 'லேய்', கோமே ஸ்தா. லேய் என்றால் நேர் அர்த்தம் 'அவள்'. இது அந்நிய வழக்கம், அடிமைத்தனம், ஆண்மைக் குறைவு என்று சொல்லி 1938-ல் பாசிஸ்டுகள் அதை ஒழிக்கக் கிளம்பினார்கள். இனி மரியாதைக்கு 'வோய்'தான், கோமே ஸ்தாதே என்றுதான் கேட்க வேண்டும். 'லேய்' என்ற பெயரில் ஒரு பெண்கள் பத்திரிகை இருந்தது. அவள் என்ற அர்த்தத்தில்தான் பெயர், மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதுவும் பயந்துபோய் 'அன்னாபெல்லா' என்று பெயரை மாற்றிக்கொண்டது. கூத்து என்னவென்றால், தெற்கே காலங்காலமாக வோய் போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் அரசாங்கம் சொன்ன ஒரே காரணத்துக்காக லேய்க்கு மாறினார்கள் என்று சொல்வார்கள்.

சிரிக்கலாம். ஆனால் அதே அரசு அடுத்த வருஷம் போட்ட சட்டம் சிரிப்பதற்கில்லை. எப்படி நிற்கிறாய் என்பதைத் தாண்டி, எங்கே நிற்கலாம் என்பதில் கை வைத்தது.

1939 ஜூலை 6-ம் தேதிச் சட்டம், எண் 1092. 'நகர்மயத்துக்கு எதிரான நடவடிக்கைகள்' என்று பெயர். மாகாணத் தலைநகரங்களிலும், 25,000-க்கு மேல் ஜனத்தொகை உள்ள ஊர்களிலும், தொழில் முக்கியத்துவம் உள்ள ஊர்களிலும் வெளியூர்க்காரன் வசிப்பிடம் பதிவு செய்ய வேண்டுமானால் அங்கே அவனுக்கு வேலை இருப்பதைக் காட்ட வேண்டும். நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் அங்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் எழுத வேண்டுமானால் வசிப்பிடப் பதிவைக் காட்ட வேண்டும். அதாவது, வேலை இல்லாமல் வீடு இல்லை, வீடு இல்லாமல் வேலை இல்லை. கிராமத்து ஜனம் கிராமத்திலேயே கிடக்கட்டும் என்பதுதான் நோக்கம்.

முசோலினி 1945-ல் போய்ச் சேர்ந்தார். 1948 ஜனவரி 1 முதல் புதிய அரசியல் சட்டம். அதன் 16-வது பிரிவு, நாட்டின் எந்தப் பகுதியிலும் சுதந்திரமாகப் போகவும் தங்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. ஆனால் 1939 சட்டம்? அது பாட்டுக்கு இருந்தது. ரத்தானது 1961 பிப்ரவரியில். பாசிசம் போய் பதினாறு வருஷம் கழித்து!

டூரினில் ஒரு மாடி அறை

இடைப்பட்ட அந்த வருஷங்கள்தான் தெற்கு இத்தாலி மொத்தமும் வடக்கே ரயிலேறிய வருஷங்கள். சிசிலியிலிருந்து டூரினுக்கு வந்த ரயிலுக்கு 'சூரிய ரயில்' என்று பெயர். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, எண்ணெயும் பாலாடைக்கட்டியும் சுமந்து வந்து இறங்குவார்கள். டூரினின் ஜனத்தொகை 1951 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 7.2 லட்சம். 1961-ல் 10.25 லட்சம். 1971-ல் 11.7 லட்சம். அங்கிருந்த பெரிய கார் தொழிற்சாலையின் பேரைச் சொன்னால் உங்களுக்கே தெரியும், ஃபியட்.

எங்கள் பெரியவரின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். புலியா மாகாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1956-ல். மனைவியையும் கைக்குழந்தையையும் (நம் பெரியவர்தான் அந்தக் குழந்தை) ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பழைய நகரத்தில் ஓட்டுக்கூரைக்கு அடியில் ஒரு அறை, ஐந்து பேர். ஷிப்டு மாற்றி ஒரே படுக்கையில் இரண்டு பேர் தூங்குவார்களாம். 'தெற்கத்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை' என்று வாசலில் எழுதித் தொங்கவிட்ட காலம். புலியாவோ, சிசிலியோ, கலாப்ரியாவோ, எல்லோரும் அங்கே 'நேப்பிள்ஸ்காரன்'தான். விந்திய மலைக்குத் தெற்கே பிறந்த எல்லோரும் மதராசி ஆவது போல.

வசிப்பிடப் பதிவு இல்லாததால் நேரான வேலை இல்லை. அந்த மாதிரி ஆட்களைச் சேர்த்து தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விட்ட ஒப்பந்த 'கூட்டுறவு'கள் இருந்தன. பக்கத்தில் நிற்கிறவன் செய்யும் அதே வேலை, சம்பளம் மட்டும் குறைச்சல். சொந்த நாட்டிலேயே திருட்டுக் குடித்தனம். 1948-ன் அரசியல் சட்டம் இவர்களைத் தங்கச் சொன்னது. 1939-ன் சட்டம் தங்கவில்லை என்று சாதித்தது.

ஒருநாள் கேன்டீனில் பெரியவர் இதைச் சொன்னார். "என் பாட்டிக்கு எழுதத் தெரியாது. ஊர்ப் பாதிரியார்தான் எழுதிக் கொடுப்பார். ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டே கேள்வி. கோமே ஸ்தாய், தோவே ஸ்தாய். எப்படி இருக்கிறாய், எங்கே இருக்கிறாய். அப்பா முதல் கேள்விக்கு எப்போதும் ஸ்தோ பேனே என்று எழுதிவிடுவார். இரண்டாவதற்கு எழுத மாட்டார்."

"ஏன்?"

"விலாசம் எழுதினால் ஊர்க்காரன் எவனாவது தேடி வந்து அந்த அறையைப் பார்த்துவிடுவான். அப்புறம் முதல் பதில் பொய் என்று தெரிந்துவிடும்."

கடிதங்கள் ஒரு காப்பிக்கடை விலாசத்துக்குத்தான் வருமாம்.

1961-ல் சட்டம் ரத்தானதும் டூரின் நகராட்சிப் பதிவேட்டில் கும்பலாகப் பெயர்கள் ஏறின. அந்த வருஷம் புதிதாக வந்தவர்கள் மட்டும் இல்லை. ஏற்கனவே பல வருஷமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தவர்கள், இப்போதுதான் காகிதத்தில் நிற்க ஆரம்பித்தார்கள். பெரியவரின் அப்பாவும் பதிந்துகொண்டார். அந்தச் சான்றிதழ் இன்னும் வீட்டில் இருக்கிறது என்றார். அன்றைக்கு ராத்திரி அப்பா தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் தெருப் பெயர், கதவு எண் எல்லாம் இருந்ததாம். வேறு ஒன்றும் எழுதவில்லையாம்.

நில் என்ற வினையிலிருந்து பிறந்து, நானூறு வருஷத்தில் உலகம் முழுக்க நின்றுவிட்ட ஒரு சொல், ஸ்தாதோ. அது தன் மக்களைப் பார்த்து நிற்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தது இருபத்தோரு வருஷம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைத்தது என்றால், நம் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவும் அதையேதான் சொல்கிறது. நாடெங்கும் போகலாம், எங்கேயும் வசிக்கலாம், குடியேறலாம். நான் புனே வந்த புதிதில், வங்கிக் கணக்குக்கு விலாசச் சான்று கேட்டார்கள். விலாசச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். வீட்டுக்காரர் பதிவு செய்த ஒப்பந்தம் போடமாட்டேன் என்றார். பதிவில்லாமல் போடவும் முன்பணத்தை வங்கிக் காசோலையாகக் கேட்டார். சுற்றிச்சுற்றி அதே வட்டம். ஒரு குடியிருப்பில் பேச்சிலர் வேண்டாம் என்றார்கள். இன்னொன்றில் மீன் சமைப்பாயா என்றார்கள். நாகர்கோவில்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! எனக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை, நல்ல சம்பளம், கையில் இஞ்சினியர் என்ற அட்டை. டூரின் மாடி அறையோடு இதை ஒப்பிடுவது அநியாயம் என்று தெரியும். இருந்தாலும் அந்த நாலு மாதம் அம்மா "எங்க நிக்க?" என்று கேட்டபோதெல்லாம் நான் "ஆபீஸ்ல நிக்கேன்" என்று மட்டுமே சொன்னேன். ராத்திரி பதினோரு மணிக்கும்.

மறுபடி நில்

கடைசியாக ஒன்று. ஸ்தாரேக்கு முன்னால் 'ரெ' சேர்த்தால் ரெஸ்தாரே. பின்னால் நின்றுவிடுவது, மிஞ்சி இருப்பது.

2020 மார்ச் 7-ம் தேதி, சனிக்கிழமை. கொரோனாவுக்காக லொம்பார்தி பகுதியை மூடப்போகிறார்கள் என்று அரசாணையின் வரைவு மாலையிலேயே கசிந்துவிட்டது. அன்றிரவு மிலான் ரயில் நிலையங்களில் பெட்டியோடு கூட்டம் ஓடியது. தெற்கே போகும் கடைசி ரயில்களைப் பிடிக்க. படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், மாணவர்கள். மார்ச் 9-ம் தேதி பிரதமர் கோன்தே நாடு முழுவதையும் மூடினார். அந்த ஆணைக்கு அவர் வைத்த பெயரே 'இயோ ரெஸ்தோ ஆ காசா', நான் வீட்டிலேயே இருக்கிறேன். பதினைந்து நாள் கழித்து நமக்கும் அதே உத்தரவு வந்தது. நம் நெடுஞ்சாலைகளில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே இரு என்று அரசு சொன்னதும், இரண்டு நாட்டிலும் லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நொடியில் தெரிந்துபோனது. நாம் இருப்பது இங்கே இல்லை, நாம் இங்கே நின்றுகொண்டு மட்டும்தான் இருந்தோம் என்று. எஸ்ஸெரே வேறு, ஸ்தாரே வேறு. இலக்கணப் புத்தகத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அந்த ஏப்ரலில் பெரியவருக்கு மின்னஞ்சல் போட்டேன். டூரின் நிலவரம் கேட்கவே பயமாக இருந்தது. தெரிந்த இத்தாலியனில் இரண்டே கேள்வி எழுதினேன். மரியாதைக்கு லேய் போட்டு. கோமே ஸ்தா, தோவே ஸ்தா. மறுநாளே பதில் வந்தது. நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி. அதற்குக் கீழே தெருப் பெயர், கதவு எண், மாடி எண்.

இப்போதெல்லாம் அம்மா "எங்க நிக்க?" என்று கேட்டால் நான் ஆபீஸ் என்று முடித்துவிடுவதில்லை. எந்தச் சாலை, எந்த சிக்னல், மழை வருகிறதா, எல்லாம் சொல்கிறேன். அம்மாவுக்குப் புனேயில் ஒரு தெருவும் தெரியாது. ஆனாலும் "சரி மக்ளே" என்று போனை வைக்கிறாள்.